80 டொலரில் ஹலோவீன் வாசல்: கார்டை மட்டும் தொடாதீர்கள்

கேள்வி: வணக்கம் அண்ணா. ஸ்காபரோவில் போன வருடம் சின்ன டவுன்ஹவுஸ் ஒன்று வாங்கினோம். மோர்ட்கேஜ் கட்டி முடிய கையில் மிஞ்சுவது கொஞ்சம்தான். கிரெடிட் கார்டில் 1,800 டொலர் கடன் நிற்கிறது, வட்டி 19.99 சதவீதம். பிள்ளைகள் வேடம் போட்டு வீடு வீடாக இனிப்பு வாங்கப் போகும் ஹலோவீன் வந்தால் எங்கள் தெருவே களைகட்டும். எங்கள் வாசல் மட்டும் இருட்டாகக் கிடந்ததென்று 9 வயது மகளும் 6 வயது மகனும் போன வருடம் அழுதார்கள். இந்த முறை 80 டொலர் ஒதுக்கியிருக்கிறேன். கணவரோ காற்று ஊதி நிற்கும் பெரிய பேய்ப் பொம்மை ஒன்றை 250 டொலருக்குப் பார்த்துவிட்டு, நாலு தவணையில் வட்டியில்லாமல் கட்டலாம் என்கிறார். போரைப் பார்த்து வந்த மாமிக்கு வாசலில் எலும்புக்கூடு வைப்பது அறவே பிடிக்காது. என்ன செய்யலாம்?

பதில்: வணக்கம் தங்கச்சி. 80 டொலர் போதும். அதைக் காசாக எடுத்து ஒரு கவருக்குள் போட்டு வையுங்கள். எது வாங்கினாலும் அதிலிருந்தே வாங்குங்கள்.

கார்டு ஏன் வேண்டாம் என்றால், கனடாவில் குறைந்தது 21 நாள் வட்டியில்லாத அவகாசம் கிடைப்பது நிலுவையை முழுதாகக் கட்டுகிறவர்களுக்குத்தான். பழைய கடன் நிற்கும் கார்டில் புதிதாக ஒரு சாமான் வாங்கினால், பொதுவாக அன்றைக்கே அதற்கும் வட்டி ஓடத் தொடங்கிவிடும். 250 டொலர் பொம்மைக்கு 13 சதவீத எச்எஸ்டி (விற்பனை வரி) சேர்ந்தால் 282.50. ஒரு வருடம் அது கார்டில் கிடந்தால் வட்டி மட்டும் 56 டொலர் வரும்.

நாலு தவணைக் கணக்கைக் கணவரோடு இருந்து போட்டுப் பாருங்கள். தவணைக்கு 70 டொலருக்கு மேல். வழக்கமாக இரண்டு கிழமைக்கு ஒருமுறை தானாகவே இழுத்துக்கொள்வார்கள். இழுப்பதற்குக் கிரெடிட் கார்டைக் கொடுத்தால், தவணைக் கம்பனி கேட்காத வட்டியைக் கார்டு கேட்கும். வங்கிக் கணக்கைக் கொடுத்தால், மோர்ட்கேஜ் போகிற நாளில் காசு போதாமல் வந்து தண்டம் கட்ட நேரும். பிள்ளைகள் இன்னொருமுறை அழக்கூடாது என்றுதான் அவர் அந்தப் பொம்மையைப் பார்த்திருப்பார். அந்த ஆசைக்கு 282 டொலர் தேவையில்லை.

முதல் செலவு இனிப்பு. என்ன அலங்காரம் செய்தாலும், கதவைத் தட்டும் பிள்ளைக்குக் கொடுக்க ஒன்றுமில்லை என்றால் பயனில்லை. 30 டொலரை அதற்கு ஒதுக்குங்கள். மிட்டாய்க்கும் சொக்லெட்டுக்கும் எச்எஸ்டி உண்டு, அதையும் சேர்த்தே 30. ஆளுக்கு ஒன்று கொடுத்தால் போதும். முடிந்ததும் வாசல் விளக்கை அணைத்துவிடுங்கள். இனிப்பு முடிந்துவிட்டது என்று பிள்ளைகளுக்கு விளங்கும்.

அடுத்து வெளிச்சம். ஒக்டோபர் 31 அன்று ரொறன்ரோவில் மாலை ஆறு மணி தாண்டினால் இருட்டிவிடும். பிள்ளைகள் வருவதும் அந்த நேரத்தில்தான். எத்தனை சாமான் வாங்கி அடுக்கினாலும் வெளிச்சம் விழாதது யாருக்கும் தெரியாது. தீபாவளிக்குக் கட்டிய சர விளக்குகள் வீட்டில் இருக்குமே, அவற்றை முதலில் தேடி எடுங்கள். புதிதாக வாங்கத்தான் வேண்டுமென்றால், வெளியில் கட்டக்கூடிய வெள்ளை அல்லது இளமஞ்சள் எல்ஈடி சரம் வாங்குங்கள். ஹலோவீன், தீபாவளி, நத்தார் மூன்றுக்கும் உதவும். ஊதா நிறச் சரம் ஒரு நாள் கூத்துக்குத்தான்.

பெரிய பேய் வேண்டுமா? பின்வளவில் தக்காளிக்கு நட்ட கம்பிக் கூடு இருந்தால் எடுத்து வாருங்கள். அதைத் தலைகீழாக நிறுத்தினால் அகன்ற வளையம் கீழே வரும், கால் கம்பிகள் மேலே நிற்கும். அந்தக் கம்பி நுனிகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பழைய பேப்பரைப் பந்தாகச் சுருட்டி வைத்தால் தலை. உள்ளே சர விளக்கைச் சுற்றி, மேலே பழைய வெள்ளை வேட்டியைப் போர்த்திவிடுங்கள். பெட்ஷீட்டை விட வேட்டி மெல்லிசு, வெளிச்சம் நன்றாக ஊடுருவும். கறுப்புத் துணியில் இரண்டு கண் வெட்டிக் குத்தினால் முடிந்தது. காற்றில் சாயாமல் கீழ் வளையத்தில் ஒரு செங்கல் வையுங்கள். உள்ளே எல்ஈடி விளக்கு மட்டும்தான், மெழுகுதிரி கூடவே கூடாது. இப்படி இரண்டு பேய் நிறுத்தினால் உங்கள் வாசல் நிறைந்துவிடும், செலவும் கிட்டத்தட்ட இல்லை. மகளும் மகனும் தங்கள் கையால் செய்தது என்றால் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவார்கள்.

மாமி சொல்வதைத் தயவுசெய்து கேளுங்கள். எலும்புக்கூடும் கல்லறையும் இல்லாமலே ஹலோவீன் நன்றாக நடக்கும். கறுப்பு மட்டையில் வெட்டிய வௌவால்கள், உதிர்ந்த மேப்பிள் இலைகள், வாசலில் சாய்த்து வைத்த தும்புத்தடி, இவை யார் மனதையும் நோகடிக்காது. பஞ்சில் இழுக்கும் சிலந்தி வலையை மட்டும் வெளிச் செடிகளில் கட்டாதீர்கள். சின்னப் பறவைகள் சிக்கிக்கொள்ளும்.

பூசணிக்காய் இரண்டு போதும், 15 டொலருக்குள் பாருங்கள். வெட்டாமல் வைத்தால் வாசலில் கிழமைக் கணக்கில் நிற்கும். வெட்டினால் சில நாளிலேயே சோர்ந்து பூஞ்சணம் பிடிக்கும், அணிலும் விடாது. அதனால் ஒக்டோபர் 29 அல்லது 30 அன்று வெட்டுங்கள். விதையைக் கழுவிக் காயவைத்து, உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டி ஓவனில் வறுத்தால் பிள்ளைகளுக்கு நல்ல நொறுக்குத்தீனி. நவம்பர் 1 மாலையில் ரொறன்ரோ மேற்கில் உள்ள சொராரன் பார்க்கில் பூசணி அணிவகுப்பு நடப்பது வழக்கம், 2004 முதல் நடத்துகிறார்கள். உங்கள் பூசணியையும் கொண்டுபோய் வைக்கலாம், காசு இல்லை. தூரம் என்றால் உணவுக் கழிவு போடும் கிறீன் பின்னில் போடுங்கள்.

பிள்ளைகளின் வேட ஆடைகளை உறவுக்குள் மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பழைய சாமான் கடையில் பாருங்கள்.

மீதி 35 டொலரில் 20-ஐ சரத்துக்கும் மட்டைக்கும் வையுங்கள். 15-ஐ நவம்பர் 1 வரை தொடாதீர்கள். அன்று கடைகளில் ஹலோவீன் சாமான் பெரும்பாலும் பாதி விலைக்குப் போகும். அடுத்த வருடத்துக்கு வேண்டியதை அப்போது எடுங்கள், பெட்டிக்குள் மடித்து வைக்கக்கூடியதாகப் பார்த்து. மாதம் 20-ஆம் திகதியளவில் பிள்ளைகளுக்காக அரசு தரும் சைல்ட் பெனிபிட் வரும்தானே, மறுநாளே 10 டொலர் தனிச் சேமிப்புக் கணக்குக்குத் தானாகப் போகும்படி செய்யுங்கள். நவம்பரில் தொடங்கினால் அடுத்த ஹலோவீனுக்கு 120 டொலர் இருக்கும்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் 1,800 டொலர் கடனுக்கு மாதம் ஏறக்குறைய 30 டொலர் வட்டி போகிறது. மூன்று மாத வட்டியே நீங்கள் ஒதுக்கிய 80-ஐத் தாண்டிவிடும். குறைந்த வட்டிக் கார்டுகள் 13 சதவீதம் அளவில் பல வங்கிகளில் இருக்கின்றன. உங்கள் வங்கியில் கேளுங்கள், ஆண்டுக் கட்டணம், கடனை மாற்றும் கட்டணம் இரண்டையும் கூடவே விசாரியுங்கள். மாற்ற முடிந்தால் வருடத்துக்கு 120 டொலர் அளவு வட்டி குறையும், அந்தக் கட்டணங்களை அதில் கழித்துப் பாருங்கள். இந்தக் கிழமையே போய்க் கேட்டு, அவர்கள் சொல்லும் வட்டி வீதத்தை எனக்கு எழுதுங்கள். எத்தனை மாதத்தில் அடைக்கலாம் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.