ரெரா எண் இருந்தால் தகுதியான தரகரா? – மனைத் தரகர்களின் பதிவு, பயிற்சி குறித்துக் கேள்வி பதில்

செங்கல்பட்டு மாவட்டத்தில் 24 ஆண்டுகளாக மனைத் தரகுத் தொழில் செய்து வருகிறேன். 2018-இல் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் (சுருக்கமாக ரெரா) முகவராகப் பதிவு செய்து, ஐந்தாண்டு முடிந்ததும் புதுப்பித்துக்கொண்டேன். தரகர்களின் பதிவும் பயிற்சியும் பற்றி மட்டும் கேட்குமாறு வேண்டியிருந்தேன். வந்த கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (தாம்பரம், தொழிலுக்குப் புதிதாக வரும் இளைஞர்): ஐயா, தரகர் லைசென்ஸ் வாங்க என்ன படித்திருக்க வேண்டும்? தேர்வு எழுத வேண்டுமா?

பதில்: தம்பி, தமிழ்நாட்டில் இதற்குப் படிப்புத் தகுதியும் இல்லை, தேர்வும் இல்லை. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 9-ஆவது பிரிவின்கீழ், ஆணையத்தின் இணையதளத்தில் விண்ணப்பித்து, பான் அட்டை, முகவரிச் சான்று, புகைப்படம், வருமான வரி விவரம் முதலியவற்றை இணைத்து, தனிநபர் என்றால் 25,000 ரூபாயும் நிறுவனம் என்றால் 50,000 ரூபாயும் கட்டணம் செலுத்தினால், ஐந்தாண்டுக்குச் செல்லுபடியாகும் பதிவு எண் கிடைக்கும். அந்த எண்ணை அலுவலகத்தில் பார்வையில் படும்படி வைக்க வேண்டும். நீங்கள் முடித்துக்கொடுக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் குறிப்பிட வேண்டும்.

ஒரு சொத்தின்மேல் பதிவான விற்பனை, அடமானம் முதலியவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்றை உங்களுக்கு வாசிக்கத் தெரியுமா என்று இந்த நடைமுறையில் எந்த இடத்திலும் எவரும் கேட்பதில்லை. என் கவலையெல்லாம் இதைப் பற்றியதுதான். என்னிடம் சேரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே 30 ஆண்டு வில்லங்கச் சான்று ஒன்றைக் கொடுத்து, வாங்குபவரை இன்று அழைத்து வரலாமா என்று கேட்பேன். அதில் 1998-இல் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் பெற்ற பதிவு இருக்கும். கடனைத் தீர்த்ததற்கான ரசீதுப் பதிவு கடைசி வரை இருக்காது. பெரும்பாலானவர்கள் கடைசிக் கிரயத்தில் உள்ள பெயரை மட்டும் பார்த்துவிட்டு, "அழைத்து வரலாம், சார்" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒரு பதிவின் இன்மையைக் கண்ணால் பிடிக்கும்வரை நான் எவரையும் வாடிக்கையாளரிடம் அனுப்புவதில்லை. பட்டா, சிட்டா, அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு), புலப்படம் (நில அளவை வரைபடம்), மூலப்பத்திரம், வாரிசுச் சான்று ஆகியவற்றைப் படித்துப் பழக ஆறு மாதமாவது வேண்டும்.

கேள்வி (வேளச்சேரி): தரகரின் விசிட்டிங் கார்டில் ரெரா எண் அச்சிட்டிருக்கிறது. நம்பி முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: முதலில் அது யாருடைய எண் என்று பாருங்கள். முகவரின் எண்ணில் 'டிஎன்' என்பதை அடுத்து 'ஏஜென்ட்' என்ற சொல்லும், பிறகு வரிசை எண்ணும் ஆண்டும் வரும். 'லேஅவுட்' அல்லது 'பில்டிங்' என்று இருந்தால் அது மனைப்பிரிவுக்கோ கட்டடத்துக்கோ கொடுக்கப்பட்ட எண். திட்டத்தின் எண்ணைத் தம் எண்ணைப் போல அச்சிட்டு வைத்திருப்பவர்களை நான் நேரில் கண்டிருக்கிறேன். ஆணையத்தின் தளத்தில் பெயரையும் காலாவதி நாளையும் நீங்களே சரிபாருங்கள்.

அதன்பிறகும் பணத்தைத் தரகர் கையில் கொடுக்காதீர்கள். திட்டத்தின் வங்கிக் கணக்குக்கே காசோலையாகவோ இணையவழியாகவோ செலுத்துங்கள். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்க மனை விற்பவருக்கே 13-ஆவது பிரிவு தடை விதிக்கிறது.

கேள்வி (கோயம்புத்தூர்): கமிஷன் எத்தனை சதவீதம் என்று சட்டம் சொல்கிறதா?

பதில்: இந்தச் சட்டம் சொல்லவில்லை. இரு தரப்பும் பேசி, வீடு பார்க்கப் புறப்படும் முன்பே எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஆவடி): வாடகை வீட்டுத் தரகர் இரண்டு மாத வாடகை கேட்கிறார். ரெராவில் புகார் செய்யலாமா?

பதில்: அந்தச் சட்டம் விற்பனைத் திட்டங்களுக்கானது, வாடகைத் தரகு அதில் வராது.

கேள்வி (மதுரை): நான் பழைய வீடுகளை மட்டும் கைமாற்றிக் கொடுக்கிறேன். நானும் பதிவு செய்ய வேண்டுமா?

பதில்: நல்ல கேள்வி. பதிவு பெற்ற ரியல் எஸ்டேட் திட்டத்தில் அதன் உரிமையாளர் விற்கும் மனை, வீடு, கட்டடம் ஆகியவற்றுக்குத் தரகு செய்பவரைத்தான் 9-ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. ஒருவர் தம் பழைய வீட்டை இன்னொருவருக்கு விற்பதற்கு இடைநிற்பவரை அது தொடுவதில்லை. 500 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ 12 சென்டுக்கு மேற்படாத நிலத்தில் அமையும் திட்டத்துக்கும், எட்டு வீடுகளுக்கு மேற்படாத திட்டத்துக்கும் பதிவிலிருந்து விலக்கு உண்டு.

ஆனால் நண்பர் ஒருவர் கேட்டார் என்று புதிய மனைப்பிரிவில் ஒரே ஒரு மனையை நீங்கள் முடித்துக்கொடுத்தாலும் பதிவு வேண்டும். இல்லையென்றால் 62-ஆவது பிரிவின்படி நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், மனை விலையில் 5 சதவீதம் வரை தண்டம் விதிக்கலாம். 30 லட்ச ரூபாய் மனை என்றால் பதினைந்தே நாளில் அது ஒன்றரை லட்சமாகிவிடும்.

கேள்வி (திண்டுக்கல்): என் அப்பா 40 ஆண்டுகளாகத் தரகர். ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவர். தேர்வு வேண்டும் என்று நீங்கள் பேசி வருவதாக அறிகிறேன். அப்படி வந்தால் அவரைப் போன்றவர்கள் எங்கே போவார்கள்?

பதில்: உங்கள் அப்பாவைப் போன்றவர்களிடம்தான் நான் தொழில் கற்றேன். எனக்கு ஆசானாக இருந்த பெரியவர் ஆங்கிலம் அறியாதவர். ஒருமுறை நில அளவையரே எல்லைக்கல்லைக் காணாமல் நின்றபோது, அவர் புளியமரத்திலிருந்து காலடியால் எண்ணிக்கொண்டே போய், வேலிக்காத்தான் புதரைக் கோலால் விலக்கி, மண்ணில் முக்கால் பங்கு புதைந்திருந்த சர்வே கல்லைக் காட்டினார். அந்த அறிவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அது இருக்கிறதா இல்லையா என்று வாங்குபவருக்குத் தெரிய வழியில்லையே என்பதுதான் என் வருத்தம்.

கேள்வி (புணேயில் தரகராக இருக்கும் தமிழர்): இங்கே மஹாரெரா 20 மணி நேரப் பயிற்சியையும் கணினித் தேர்வையும் கட்டாயமாக்கிவிட்டது. நானும் எழுதித் தேறினேன். தமிழ்நாட்டில் ஏன் தயங்குகிறார்கள்?

பதில்: தயங்க வேண்டியதில்லை என்பதே என் கருத்தும். மகாராஷ்டிரத்தில் 2023 ஜனவரியில் உத்தரவு பிறந்தது. கால நீட்டிப்புகளுக்குப் பிறகு, 2024 தொடக்கத்திலிருந்து தகுதிச் சான்றிதழ் இல்லாதவருக்குப் பதிவும் இல்லை, புதுப்பித்தலும் இல்லை என்றாயிற்று. அதே மத்தியச் சட்டத்தை வைத்துக்கொண்டுதான் அவர்கள் இதைச் செய்தார்கள்.

கேள்வி (மீண்டும் திண்டுக்கல்): 20 மணி நேரத்தில் எதைக் கற்றுக்கொடுத்துவிட முடியும்? அனுபவம்தான் தகுதி. தேர்வு எழுதியவர் ஏமாற்ற மாட்டாரா?

பதில்: 20 மணி நேரம் போதாது என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். சிங்கப்பூரில் குறைந்தது 60 மணி நேரப் பாடம், பிறகு இரண்டு தாள் தேர்வு, ஆண்டுதோறும் பதிவைப் புதுப்பிக்கத் தொடர்பயிற்சி என்று வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரே முகவர் ஒரே பேரத்தில் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் சேர்த்துப் பணியாற்ற முடியாது. சொத்து விற்பனைப் பணத்தையும் அவர் கையால் தொடக் கூடாது.

தேர்வு எழுதியவரும் ஏமாற்றலாம். ஆனால் நம் தொழிலில் நேரும் இழப்புகளில் பல, ஏமாற்றும் எண்ணம் சிறிதும் இல்லாத தரகர்களின் அறியாமையால் நேருபவை. அப்படி ஓர் இழப்புக்கு நானே காரணமாக இருந்திருக்கிறேன். 2006-இல் ஒரு தையல்காரருக்கு மூன்றேகால் சென்ட் மனையைப் பவர் ஏஜென்டிடமிருந்து, அதாவது உரிமையாளர் விற்கும் அதிகாரத்தை எழுதிக்கொடுத்திருந்தவரிடமிருந்து, முடித்துக்கொடுத்தேன். பவர் ஆவணம் பதிவாகியிருந்தது, வில்லங்கம் சுத்தமாக இருந்தது. பவர் எழுதிக்கொடுத்த பெரியவர் கிரயத்துக்கு நான்கு மாதம் முன்பே இறந்துவிட்டார் என்பது வாரிசுகள் வந்து நின்றபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. எழுதிக்கொடுத்தவர் இறந்தால் அத்தகைய பவர் அவரோடு முடிந்துவிடும் என்பதை அதுவரை எவரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை, நானும் கேட்டதில்லை. கமிஷனைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் அவர் தையல் மிஷினை நிறுத்திவிட்டு உரிமையியல் நீதிமன்றத்துக்கு ஐந்தாண்டு நடந்ததை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அப்போது எனக்கு நான்கு ஆண்டு அனுபவம் இருந்தது. ஒரு நாள் வகுப்பு நடந்திருந்தால், "எழுதிக்கொடுத்தவரின் உயிர்ச்சான்று எங்கே?" என்று கேட்டிருப்பேன்.

ஆகவே, தேர்வு தமிழில் இருக்கட்டும், எழுதச் சிரமப்படுபவருக்கு வாய்மொழியாக இருக்கட்டும், ஓர் உண்மையான வில்லங்கச் சான்றையும் புலப்படத்தையும் முன்னே வைத்துக் குறை கண்டுபிடிக்கச் சொல்லும் செய்முறையாக இருக்கட்டும். உங்கள் அப்பா அதில் என்னைவிட நன்றாகவே தேறுவார்.

கேள்வி (சிதம்பரம்): ரெரா எண் உள்ள புரோக்கரிடம் அட்வான்ஸ் கொடுத்தால் பாதுகாப்புதானே?

பதில்: வேளச்சேரி அன்பருக்கு இதே கேள்விக்கு விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன். இதையே இன்னும் நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள். அனைவருக்கும் பதில் ஒன்றுதான். தரகர் கையில் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி (ஓசூர்): தரகுக்கு ஜிஎஸ்டி எப்போது கட்ட வேண்டும்?

பதில்: ஆண்டு வரவு 20 லட்ச ரூபாயைத் தாண்டினால் பதிவு வேண்டும். மற்றவற்றை உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

கேள்வி (விழுப்புரம், இல்லத்தரசி): டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி பெற்ற மனை என்று தரகர் சொன்னார். இப்போது அனுமதியே இல்லை என்று தெரிகிறது. விற்றவர்மேல் மட்டும்தான் நடவடிக்கை எடுக்க முடியுமா?

பதில்: இல்லை, அம்மா. இல்லாத அனுமதியை இருப்பதாகச் சொல்வது 10-ஆவது பிரிவின்படி தரகரின் தவறு. பதிவு பெறாத திட்டத்தின் மனைக்கு அவர் தரகு செய்யவே கூடாது. 31-ஆவது பிரிவின்கீழ் முகவர்மீதும் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். அவர் தந்த நோட்டீஸ், வாட்ஸ்அப் செய்திகள், பணம் செலுத்திய விவரம் எதையும் அழித்துவிடாதீர்கள். அந்த மனை 2016 அக்டோபர் 20-க்கு முன்பு தனி மனையாகப் பதிவாகியிருந்ததா என்பதையும் பாருங்கள். அனுமதியில்லாத மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் அந்த நாளை வைத்துத்தான் வகுக்கப்பட்டது. உங்கள் வழக்கின் போக்கு அதைப் பொறுத்து மாறும். புகார் எழுதும் முன் ஒரு வழக்குரைஞரைப் பாருங்கள்.

கேள்வி (மீண்டும் தாம்பரம்): ஐயா, பயிற்சி வகுப்பு எதுவும் இல்லையென்றால் நாளைக்கே நான் எதிலிருந்து தொடங்குவது?

பதில்: உங்கள் சொந்த வீட்டிலிருந்து தொடங்குங்கள், தம்பி. மூலப்பத்திரத்தை எடுத்து நான்கு எல்லைகளையும் ஒரு தாளில் வரையுங்கள். பதிவுத்துறைத் தளத்தில் 30 ஆண்டு வில்லங்கம் போட்டு, பத்திரத்தில் உள்ள ஒவ்வொரு கைமாற்றமும் அதில் வருகிறதா என்று பாருங்கள். பிறகு பட்டாவில் உள்ள பரப்பை எடுங்கள். பத்திரம் சென்டில் சொல்லும், பட்டா ஏர் என்ற மெட்ரிக் அளவில் சொல்லும். ஓர் ஏர் 2.47 சென்ட், ஒரு சென்ட் 435.6 சதுர அடி. இரண்டும் ஒத்துவரவில்லை என்றால், வித்தியாசம் எந்த ஆண்டுப் பத்திரத்தில் புகுந்தது என்று கண்டுபிடித்து எனக்கு எழுதுங்கள். அதற்கு எத்தனை பக்கமானாலும் பதில் எழுதுகிறேன்.