ஸ்கேனருக்கு உயிர் வரவில்லை, இசியூவை மாற்றச் சொல்கிறார்கள்: மாற்றலாமா?

கேள்வி: என்னுடையது 2002 மாடல் பெட்ரோல் கார். ‘செக் எஞ்சின்’ விளக்கு எரிந்தது என்று பட்டறைக்குக் கொண்டுபோனேன். கோளாறைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினார்கள், அதன் திரை இருட்டாகவே இருந்தது. இன்னொரு ஸ்கேனரைப் போட்டுப் பார்த்தார்கள், அதுவும் அப்படித்தான். “இசியூ (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர்) போய்விட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும்” என்கிறார்கள். வண்டி ஓட்டுவதில் ஒரு குறையும் தெரியவில்லை. என்ன செய்வது?

பதில்: மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது. பெட்ரோல் எப்போது, எவ்வளவு தெளிக்க வேண்டும் என்று இன்ஜெக்டருக்குச் சொல்வது இசியூ. அந்த மஞ்சள் விளக்கை எரிய வைப்பதும் அதுதான். வண்டி ஒழுங்காக ஓடுகிறது, விளக்கும் எரிகிறது என்றால், இசியூ செத்துவிட்டது என்று எப்படிச் சொல்ல முடியும்?

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. ஸ்கேனரின் திரை எரிவதற்கும் இசியூவுக்கும் சம்பந்தமே இல்லை. டேஷ்போர்டுக்குக் கீழே ஸ்கேனரை மாட்டும் அந்த 16 பின் சாக்கெட்டில் (ஓபிடி போர்ட்), 16-ஆவது பின்னுக்கு ஒரு ஃபியூஸ் வழியாக பேட்டரி கரண்ட் வரும். பெரும்பாலான வண்டிகளில் சாவி போடாவிட்டாலும் அங்கே கரண்ட் இருக்கும். 4-ஆவது பின் பாடி எர்த், 5-ஆவது பின் சிக்னல் எர்த். கரண்டும் எர்த்தும் கிடைத்தால் ஸ்கேனர் எரியும், கிடைக்காவிட்டால் எரியாது. இரண்டு ஸ்கேனருமே இருண்டு கிடந்தன என்றால், பார்க்க வேண்டியது ஒரு ஃபியூஸையும் இரண்டு ஒயரையும்.

முதலில் ஃபியூஸ். நிறைய பழைய வண்டிகளில் இந்தப் போர்ட்டும் சிகரெட் லைட்டர் சாக்கெட்டும் ஒரே ஃபியூஸில் இருக்கும். ‘ஓபிடி’ என்று எழுதிய ஃபியூஸைத் தேடிக் களைத்துப் போவதற்கு இதுதான் காரணம், அப்படி ஒரு பெயரே அந்தப் பெட்டியில் இருக்காது. லைட்டர் சாக்கெட்டில் போன் சார்ஜ் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் பாதி வேலை முடிந்தது. உங்கள் வண்டிக்கான கையேட்டில் எந்த ஃபியூஸ் என்று பார்த்து, அதே ஆம்பியர் அளவில் புதியது போடுங்கள். 10 ஆம்பியர் இருந்த இடத்தில் 20 போடுவதும், ஈயத்தாளைச் சுற்றிச் செருகுவதும் ஒயரையே எரித்துவிடும்.

புதிய ஃபியூஸும் உடனே போகிறதா? பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, லைட்டர் சாக்கெட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். என் வண்டியில் இதேபோல் அடுத்தடுத்து இரண்டு ஃபியூஸ் போயின. உள்ளே பார்த்தால், மலிவான ஒரு சார்ஜரின் நுனியில் இருக்கும் உலோகக் குமிழ் கழன்று, அடியில் குறுக்காகக் கிடந்தது. பக்கச் சுவரில் மிளகு அளவு கருகிய தடம். அதை எடுத்த பிறகு போட்ட ஃபியூஸ் மறுபடி போகவே இல்லை. சில்லறைக் காசு விழுந்தாலும் இதே கதைதான்.

ஃபியூஸ் நன்றாக இருந்தால் அடுத்தது சாக்கெட். அகலமான பக்கம் மேலே இருக்கும்படி நேருக்கு நேர் பார்த்தால், மேல் வரிசை இடமிருந்து வலமாக 1 முதல் 8, கீழ் வரிசை 9 முதல் 16. ஆகவே கரண்ட் பின் கீழே வலது ஓரம், எர்த் இரண்டும் மேல் வரிசையின் நடுவில். மல்டிமீட்டரின் சிவப்பு முனையை 16-இலும் கறுப்பு முனையை 4-இலும் வையுங்கள், பேட்டரியில் இருக்கும் அதே 12 வோல்ட் சொச்சம் காட்ட வேண்டும். பிறகு கறுப்பை 5-க்கு மாற்றுங்கள். இரண்டிலும் இல்லை, ஆனால் கறுப்பைப் பெயின்ட் இல்லாத பாடி உலோகத்தில் வைத்தால் 12 வருகிறது என்றால், எர்த் ஒயர்தான் அறுந்திருக்கிறது. பாடியோடு முறுக்கியிருக்கும் இடத்தில் துருப்பிடித்திருக்கும், அதைச் சுரண்டி இறுக்கினாலே போதும்.

ஒரு எச்சரிக்கை. மீட்டரின் தடித்த முனையைப் பின் துளைக்குள் திணிக்காதீர்கள். உள்ளே இருக்கும் தகடு விரிந்துவிட்டால், அப்புறம் எந்த ஸ்கேனரும் அதைச் சரியாகப் பிடிக்காது. மெல்லிய கம்பியையோ ஊசியையோ வைத்துத் தொடுவது நல்லது. தொடுவதற்கு முன் டார்ச் வெளிச்சத்தில் ஒரு முறை பாருங்கள். பழைய வண்டியில் பலரும் மாட்டிக் கழற்றிய போர்ட் அது, ஒரு பின் மட்டும் உள்ளே தள்ளிப்போயிருக்கும். மற்றதெல்லாம் ஒரே மட்டத்தில் இருக்கும்போது அது தனியாகத் தெரியும்.

மீட்டரில் 12 வோல்ட் சரியாகக் காட்டியும் ஸ்கேனர் எரியவில்லை என்றால், பல்பு வைத்த டெஸ்ட் லாம்ப் கொண்டு 16-க்கும் 4-க்கும் நடுவே பாருங்கள். ஒரே ஒரு இழையில் தொங்கும் ஒயர்கூட மீட்டரில் 12 காட்டும், மீட்டர் கிட்டத்தட்ட கரண்ட்டே இழுப்பதில்லை. பல்பு இழுக்கும், அங்கே குட்டு வெளிப்பட்டுவிடும். ஆனால் இந்த லாம்பை கரண்ட், எர்த் பின்களில் மட்டும் வையுங்கள். தகவல் போகும் பின்களில் வைத்தால் இசியூ போன்ற மின்னணுப் பெட்டிகளுக்கு (மாட்யூல்) ஆபத்து.

பட்டறைக்குத் திரும்பிப் போய் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “16-ஆவது பின்னில் எத்தனை வோல்ட் இருக்கிறது? என் கண்முன் அளந்து காட்டுங்கள்.” அதைக் காட்டாமல் இசியூ விலை சொல்லும் இடத்தில் வண்டியை விடாதீர்கள். பழைய கார்கள் பலவற்றில் இசியூவை மாற்றினால் சாவியின் இம்மொபிலைசரையும் (திருட்டுத் தடுப்பு) அதோடு இணைக்க வேண்டியிருக்கும். மாற்றிய பிறகு “இது காரணமில்லை” என்று தெரிந்தால் பணம் திரும்பாது.

கேள்வி: என் ஸ்கேனரில் விளக்கு எரிகிறது, ஆனால் ‘இணைப்பு இல்லை’ என்றே சொல்கிறது. வண்டி 1995 தயாரிப்பு. ஸ்கேனரைத் திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: ஸ்கேனரில் கோளாறு இல்லாமலும் இருக்கலாம். அமெரிக்காவில் 1996 மாடல் முதல்தான் கோளாறைப் படிக்கும் பொது முறையான ஓபிடி 2 கட்டாயமானது, ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001. அதற்கு முந்தைய சில வண்டிகளில் 16 பின் சாக்கெட் இருந்தாலும் உள்ளே பேசும் மொழி பழையது. பொதுவான ஸ்கேனருக்கு அது புரியாது. எஞ்சின் அறையில் ஒட்டியிருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு ஸ்டிக்கரில் ‘ஓபிடி 2’ என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இல்லை என்றால் அந்தத் தயாரிப்புக்கென்று இருக்கும் கருவிதான் வேண்டும்.

புதிய வண்டி வைத்திருப்பவர்களுக்கும் இதே தொல்லை வருவதால் ஒரு வார்த்தை. சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பினீர்களா என்று முதலில் பாருங்கள், ஸ்கேனர் எரிய பெரும்பாலும் சாவி தேவையில்லை என்பதால் இதை மறப்பவர்கள் நிறையப் பேர். மாட்யூல்கள் இரண்டு ஒயர் வழியாகப் பேசிக்கொள்ளும் கேன் முறை வண்டியாக இருந்தால், பேட்டரியைக் கழற்றிவிட்டு 6-க்கும் 14-க்கும் நடுவே மின்தடை அளந்தால் சுமார் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனையில் இருக்கும் மின்தடையோடு தொடர்பு அறுந்திருக்கிறது, பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு ஒயரும் எங்கோ உரசுகின்றன. போர்ட்டுக்கும் மற்ற மாட்யூல்களுக்கும் நடுவில் கேட்வே என்ற இடைநிலை மாட்யூல் உள்ள கார்களில் இந்தக் கணக்கு ஒத்துவராது. கேன் முறைக்கு முந்தைய பல கார்களில் 7-ஆவது பின்தான் பேசும். வெளியில் வாங்கிப் பொருத்திய மியூசிக் சிஸ்டத்தின் பின்புற ஒயர் அந்தப் பின்னின் ஒயரை எர்த்தோடு சேர்த்துவிடுவது பழைய ஐரோப்பியக் கார்களில் சகஜம். ஸ்டீரியோவை உருவிவிட்டு ஒரு முறை ஸ்கேனரை இணைத்துப் பாருங்கள். இணைந்துவிட்டால் திருடன் அகப்பட்டான்.

கேள்வி: பழைய கார் ஒன்று வாங்கப் போகிறேன். போர்ட் வேலை செய்யவில்லை. “சின்ன ஃபியூஸ்தான், வாங்கிய பிறகு போட்டுக்கொள்ளுங்கள்” என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: சின்ன ஃபியூஸ் என்றால் அவரே போட்டுத் தரட்டும், அதற்குப் பிறகு பேசலாம். உண்மையிலேயே ஃபியூஸாக இருக்கலாம். வேண்டுமென்றே உருவி வைத்ததாகவும் இருக்கலாம், ஸ்கேனர் இணைந்தால் கோளாறுப் பட்டியல் வெளியே வந்துவிடும் அல்லவா.

முதலில் சாவியை ‘ஆன்’ செய்து டேஷ்போர்டைக் கவனியுங்கள். ‘செக் எஞ்சின்’ விளக்கு எரிந்து, எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கலாம், அல்லது இசியூவுக்கே கரண்ட் போகாமல் இருக்கலாம். இரண்டுமே நல்ல செய்தி இல்லை.

ஃபியூஸ் போட்ட பிறகு ஸ்கேனரில் கோளாறு எதுவும் இல்லை என்று வந்தாலும் அதோடு விடாதீர்கள். வண்டி தன்னைத்தானே சோதித்து முடித்ததா என்று காட்டும் ‘ரெடினெஸ்’ பக்கத்தைத் திறந்து பாருங்கள். முந்தின நாள் கோளாறுக் குறியீடுகளை அழித்திருந்தாலும், பேட்டரியைக் கழற்றி மாட்டியிருந்தாலும், அங்கே நிறைய சோதனைகள் ‘முடியவில்லை’ என்று நிற்கும். அப்படி நின்றால் அவரையே சில நாள் வண்டியை வழக்கம்போல ஓட்டச் சொல்லுங்கள். மறுபடி போய் ஸ்கேனரை மாட்டி, சோதனைகள் முடிந்திருப்பதைப் பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.