சென்னை மாதிரி ஊரில் குளிர்காலத்தில் வீட்டைச் சுற்றி மரம், பறவை என்று பார்க்க என்ன இருக்கிறது? எங்கே தொடங்குவது?

குளிரே சரியாக இல்லாத ஊரில் குளிர்காலத்தில் பார்க்க என்ன இருக்கப்போகிறது, பறவை பார்க்க வேண்டுமென்றால் வேடந்தாங்கல்தான் போக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேடந்தாங்கலுக்கு அவசியம் போங்கள். ஏரி நிறைந்து நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டும் காலம் இது. ஆனால் முதலில் உங்கள் மதில் ஓரத்துச் செடிகளிலிருந்து தொடங்குங்கள் என்பேன். நான் தாம்பரம் பக்கம் இருக்கிறேன். என் அனுபவத்தில் வருடத்திலேயே நம் தெருக்கள் நிறைந்திருப்பது ஐப்பசி முதல் மாசி வரைதான்.

காரணம் மழை. இமயமலைக்கு அப்பால் குளிர் ஏறும்போது பூச்சிகள் இல்லாமல் போகின்றன. அதே சமயம் இங்கே வடகிழக்குப் பருவமழை பெய்து செடிகள் துளிர்த்து, புழு பூச்சி பெருகியிருக்கும். அதைத் தேடித்தான் அங்கிருந்து பறவைகள் இங்கே வருகின்றன. மழை விட்ட மறுநாள் ஈசல் கிளம்பும்போது வெளியே வந்து பாருங்கள். கரிச்சான், பஞ்சுருட்டான், மைனா, காக்கை எல்லாம் ஒரே இடத்தில் பறந்து பறந்து பிடிக்கும்.

வெளியூர் விருந்தாளிகளில் நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது பிளைத் நாணல் கதிர்க்குருவி. பெயர்தான் நீளம், ஆள் சிட்டுக்குருவியை விடச் சிறியவர், பத்துப் பன்னிரண்டு கிராம்தான் எடை. நிறமும் மங்கிய பழுப்பு. அதனால் பல வருடம் அதே வீட்டில் இருப்பவர்களும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் காதில் விழாமல் இருக்காது. செம்பருத்தி, மருதாணிப் புதருக்குள்ளிருந்து இரண்டு கூழாங்கல்லைத் தட்டினாற்போல ‘டக்... டக்...’ என்று விட்டுவிட்டுச் சத்தம் வந்தால் அது இதுதான். பின்லாந்து தொடங்கி ரஷ்யா, மத்திய ஆசியா வரை உள்ள பகுதிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, செப்டம்பர் வாக்கில் இங்கே வந்து ஏப்ரல் வரை தங்குகிறது. ஒரு புதரைத் தன் இடமாகப் பிடித்துக்கொண்டால் அதைச் சுற்றியேதான் இருக்கும். இன்று சத்தம் கேட்ட இடத்தில் நாளையும் போய் நின்று பார்க்கலாம். தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல பறவை கிடையாது.

அடுத்து மேலே பாருங்கள். மின்கம்பியிலோ காய்ந்த கிளை நுனியிலோ கண்ணில் கறுப்புப் பட்டையோடு, பெரிய தலையோடு தனியாக உட்கார்ந்து கத்துவது பழுப்புக் கீச்சான். சைபீரியா, வட சீனப் பக்கத்திலிருந்து வருகிறது. கம்பியில் வரிசையாகத் தகைவிலான்களும் இருக்கும்.

மரங்களுக்கும் இது மாறும் காலம். வாதாமர இலை சிவந்து உதிர்கிறது. ஒதிய மரம் மொட்டையாகிறது. கல்யாண முருங்கையும் இலவமும் இலையைக் கொட்டிவிட்டுப் பூக்கும். பூத்த மரம் ஒன்று அருகில் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். தேன் குடிக்க மைனா, கொண்டைக்குருவி, தேன்சிட்டு, அணில் எல்லாம் வரும். மத்திய ஆசியாவிலிருந்து வரும் சூறைக்குருவிக் கூட்டமும் இறங்கலாம். கறுத்த தலை, இளஞ்சிவப்பு உடல், ஓயாத இரைச்சல். ஒரு மரத்தடியில் காலை ஏழு மணிக்கு அரை மணி நேரம் நின்றால் போதும். பைனாகுலர் பிறகு வாங்கிக்கொள்ளலாம். வாங்கும்போது 8x42 என்று கேளுங்கள், அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும், முன்பக்க லென்ஸ் 42 மி.மீ. அகலம் உள்ளது.

சரி, இப்போது நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது தரையைப் பற்றி. மரத்தடிச் சருகை யாரும் மதிப்பதில்லை. மார்கழியில் பெருக்கிக் குவித்து, போகியன்று கொளுத்திவிடுகிறோம். ஆனால் ஆறுமணிக் குருவிக்கு அந்தச் சருகுதான் சாப்பாட்டுத் தட்டு. பச்சை, நீலம், சிவப்பு, மஞ்சள் என்று அத்தனை நிறமும் கொண்ட அந்தப் பறவை இமயமலை அடிவாரத்திலிருந்தும் மத்திய இந்தியாவிலிருந்தும் தெற்கே வந்து, சருகைப் புரட்டிப் புழு பூச்சி தின்கிறது. விடியும் நேரத்திலும் இருட்டும் நேரத்திலும் இரட்டை விசிலாகக் குரல் கொடுக்கும். கொடிக்கால் வாலாட்டியும் இப்படி நிழலான சருகுத் தரையில்தான் நடக்கும். மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும், இது மட்டும் பக்கவாட்டில் ஆட்டும். பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிடும்.

ஆகவே ஒரு மூலையில், ஒரே ஒரு மரத்தடியில், சருகைப் பெருக்காமல் விடுங்கள். வேலிச் செடியை வெட்டுவதானால் ஏப்ரல் கடைசி வரை தள்ளிப்போடுங்கள். எங்கள் தெருவில் காலி மனையைச் ‘சுத்தம்’ செய்கிறோம் என்று டிசம்பரில் புதரையெல்லாம் மழித்தார்கள். அங்கிருந்த கதிர்க்குருவிக் குரல் அன்றோடு போயிற்று. எனக்கு இன்றும் அது ஆற்றாமைதான். அவ்வளவு தூரம் வந்த உயிருக்கு நாம் தரக்கூடியது நாலு செடியும் கொஞ்சம் சருகும்தானே.

இன்னொன்று. அக்டோபர், நவம்பரில் ஆறுமணிக் குருவி களைத்துப்போய் வீட்டு மாடியிலோ படிக்கட்டிலோ வந்து விழுவதுண்டு. இரவில் பறந்து வருவதால் விளக்கு வெளிச்சத்திலும் கண்ணாடியிலும் தடுமாறும், பகலில் காக்கைகள் துரத்தும். பார்த்தால் காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் மெல்ல வைத்து, மூடி, பெட்டியைச் சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். படம் எடுக்கக் கூட்டம் கூட்டாதீர்கள். காயம் இல்லையென்றால் காக்கைகள் அடைந்த பிறகு, அந்தி சாயும் நேரத்தில் செடிகள் அடர்ந்த இடத்தில் திறந்துவிடலாம். காயம் இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

பார்த்ததை எழுதி வையுங்கள்: தேதி, நேரம், எந்த மரம், என்ன செய்தது. குரலை அடையாளம் காண மெர்லின் என்ற கைபேசிச் செயலி உதவும், ஆனால் அது சொல்வதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகே எழுதுங்கள். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டு மாடியில் நின்று குறைந்தது பதினைந்து நிமிடம் பார்த்து இ-பேர்டு (பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் இணையதளம்) தளத்தில் பட்டியல் போட்டாலே நீங்களும் பங்கேற்றதாகும். காக்கை, மைனா, புறா மட்டுமே இருந்தாலும் போடுங்கள், அந்தத் தகவலும் கணக்கெடுப்பவர்களுக்குத் தேவை.