பழைய சில்வராடோவின் முன்பக்கத்தை உயர்த்த கார்டில் கடன் வாங்கலாமா?

கேள்வி: டெக்சஸில் இருக்கிறேன். என் வண்டி 2004 செவ்ரோலே சில்வராடோ 1500, ஃபோர் வீல் டிரைவ். முன்பக்கம் தாழ்ந்தே நிற்கிறது. லெவலிங் கீ (முன்பக்கத்தை உயர்த்தப் போடும் பாகம்), ஷாக் அப்சார்பர், பெரிய டயர் எல்லாம் சேர்த்து 2,400 டாலர் என்கிறார்கள். அவசரத்துக்கு வைத்திருக்கும் 3,000 டாலரைத் தொட மனமில்லை. 24 சதவீத வட்டியுள்ள கிரெடிட் கார்டில் போடலாமா?

பதில்: வேண்டாம். மாதம் 100 டாலர் கட்டினால் கடன் தீர 33 மாதம் ஆகும், வட்டி மட்டும் 900 டாலர் போய்விடும். இருபது வருஷம் தாண்டிய வண்டிக்கு அதற்குள் வேறு பெரிய செலவு வந்தால் எதைக் கொண்டு சமாளிப்பீர்கள்?

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பிக்கப்பின் முன்பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருப்பது குறையே இல்லை, பின்னால் பாரம் ஏற்றும்போது வண்டி மட்டமாக வரட்டும் என்று கம்பெனியிலேயே அப்படித்தான் வைக்கிறார்கள். நீங்கள் டிரெய்லர் இழுப்பவர் என்றால், முன்பக்கத்தை உயர்த்திவிட்டுப் பாரம் ஏற்றும்போது மூக்கு தூக்கிக்கொண்டு, ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

சரி, வயதாகி உண்மையிலேயே தொய்ந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் மாடலில் முன்பக்கம் காயில் ஸ்பிரிங் கிடையாது, டார்ஷன் பார்தான், அதாவது முறுக்கேறி நிற்கும் ஒரு நீள இரும்புத் தண்டு. அதன் பின்முனையில் பக்கத்துக்கு ஒரு போல்ட் இருக்கும், அதை இறுக்கினாலே முன்பக்கம் ஏறும், ஒரு இன்ச் உயர்த்தப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. மெக்கானிக் கூலியும் வீல் அலைன்மென்ட்டும்தான், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வதும்தான் செலவு. அலைன்மென்ட்டை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள், டயர் ஓரம் தேய்ந்து அதைவிடப் பல மடங்கு செலவு வைக்கும்.

லெவலிங் கீ செய்வதும் அதே வேலைதான், தண்டு பிடிக்கும் கோணத்தை மாற்றுகிறது, அவ்வளவுதான். இரண்டு இன்ச்சுக்கு மேல் தூக்கினால் சக்கரம் கீழே இறங்க இடமில்லாமல் ஒவ்வொரு பள்ளத்திலும் அடி விழும், முன்சக்கரத்தைச் சுழற்றும் சிவி ஆக்சிலும், சக்கரத்தைத் தாங்கித் திரும்பவிடும் பால் ஜாயின்ட்டும் சீக்கிரம் தேயும். கீயை மாற்ற நினைத்தால் வீட்டில் நீங்களே முயலாதீர்கள். அந்தத் தண்டில் அடங்கியிருக்கும் விசை கையை உடைத்துவிடும், அதன் இறுக்கத்தைத் தளர்த்தத் தனிக் கருவியே உண்டு.

அதற்கும் முன்னால் பால் ஜாயின்ட், ஸ்டியரிங் இணைப்பில் வரும் பிட்மன் ஆர்ம், ஐட்லர் ஆர்ம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வண்டிகளில் ஐட்லர் ஆர்ம் ஆட்டம் காண்பது வழக்கம். அது போயிருந்தால் சேமிப்பிலிருந்து தயங்காமல் எடுங்கள், ஸ்டியரிங் சம்பந்தப்பட்ட ரிப்பேருக்கு உதவாத பணம் வேறு எதற்கு?

பெரிய டயர் ஆசையை இப்போதைய டயர் தேயும்வரை தள்ளிப்போடலாம், மைலேஜும் குறையாமல் இருக்கும். கார்டுக்குக் கட்டவிருந்த அதே 100 டாலரை மாதாமாதம் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள், 24 மாதத்தில் முழுத் தொகையும் கையில் இருக்கும்.

இந்த வாரமே ஒரு டேப் எடுத்து, சக்கரத்தின் நடுவிலிருந்து அதற்கு மேலே வளைந்திருக்கும் ஃபெண்டர் தகட்டின் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதிவையுங்கள். முன்பக்கத்தில் ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தால், போல்ட்டைத் தொடும் முன் மெக்கானிக்கிடம் அதைக் காட்டிவிடுங்கள்.