சிறு குழாய்க்கு எந்த ரெகுலேட்டர்?

கேள்வி: 3 மி.மீ. வெளிவிட்டம், 2 மி.மீ. உள்விட்டத்தில் மென் பிவிசி குழாய் ஓட்டுகிறோம். டையின் (இளகிய பிளாஸ்டிக்கைக் குழாயாக்கும் அச்சு) நடுவிலுள்ள 'பின்' என்ற ஊசி வழியாகக் குழாய்க்குள் காற்று போகிறது. காற்று லைனில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்த இருப்பது சாதாரண 10 பார் ரெகுலேட்டர். குமிழைத் தொட்டாலே குழாய் உப்புகிறது. தொடாவிட்டாலும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை விட்டம் மாறுகிறது. எதை வாங்கலாம்?

பதில்: உங்கள் ரெகுலேட்டர் கெட்டுப்போகவில்லை. மூட்டை எடை போடும் தராசில் மூக்குத்தியை நிறுக்கிறீர்கள், அவ்வளவுதான். டையை விட்டு வரும்போது பிளாஸ்டிக் இளகிய நிலையில் இருப்பதால் அதற்குத் தேவையான அழுத்தம் மில்லிபார் கணக்கில்தான் இருக்கும். 20 மில்லிபார் என்று வைத்துக்கொள்வோம். 10 பாரில் அது ஐந்நூறில் ஒரு பங்கு. குமிழை எவ்வளவு மெதுவாகத் திருப்பினாலும் அந்த இடத்தில் நிறுத்த முடியாது. கேஜின் முள்ளும் அசையாது.

தொடாமலே மாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் கம்ப்ரசர். அது 6 பாரில் ஓடத் தொடங்கி 8 பாரில் நிற்கிறது என்றால், வரும் காற்றில் 2 பார் ஏற்ற இறக்கம். அதில் நூற்றில் ஒரு பங்கு மட்டும் ரெகுலேட்டரைத் தாண்டி வந்தாலும் 20 மில்லிபார் ஆகிவிடுகிறது. உங்களுக்கு வேண்டிய மொத்த அழுத்தமே அவ்வளவுதானே! அதனால் இரண்டு கட்டமாக இறக்குங்கள். இப்போதிருக்கும் ரெகுலேட்டரை முதல் கட்டமாக வைத்து 2 பாருக்குக் கொண்டுவாருங்கள். அதற்குப் பின்னால், சிறிய அழுத்தத்தைத் துல்லியமாக வைக்கும் பிரிசிஷன் ரெகுலேட்டர். அதுவும் நூற்றில் ஒரு பங்கைத்தான் விடும் என்றால், மிஞ்சும் ஆட்டம் 0.2 மில்லிபார்.

அந்த இரண்டாவதை வாங்கும்போது உச்ச அளவு 100 அல்லது 150 மில்லிபாருக்குள் இருப்பதாகப் பாருங்கள். 'பின்னால் பெரிய குழாய்க்கும் உதவுமே' என்று 2 பார் வாங்கினால் பழைய கதைதான். அதிகமாகும் காற்றைத் தானே வெளியேற்றும் ரிலீவிங் வகையாகவும் இருக்கட்டும். இல்லையென்றால், குமிழைக் குறைத்த பிறகும் முனை அடைபட்ட குழாய்க்குள் பழைய அழுத்தம் சிக்கிக்கொண்டு நிற்கும்.

பலரும் கவனிக்காத ஒன்று காற்றின் அளவு. உங்கள் குழாய் நிமிடத்துக்கு 60 மீட்டர் ஓடினாலும், புதிதாக உருவாகும் உள்ளிடத்தை நிரப்ப நிமிடத்துக்கு 0.2 லிட்டர்கூட வேண்டாம். இவ்வளவு குறைந்த ஓட்டத்தில் ரெகுலேட்டரின் வால்வு மூடியும் மூடாமலும் தத்தளிக்கும். அதற்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டும். டைக்குப் பக்கத்தில் ஒரு 'டீ' இணைப்பு (T வடிவ மூன்று வழி இணைப்பு) போட்டு, ஓட்டத்தை நுணுக்கமாகச் சரிசெய்யும் நீடில் வால்வு வழியாகக் கொஞ்சம் காற்றை வேண்டுமென்றே கசிய விடுங்கள். கட்டர் வெட்டும்போதெல்லாம் கத்தி குழாயின் வாயை ஒரு கணம் அடைக்கும் அல்லவா, அந்தத் துடிப்பையும் இந்தக் கசிவு தணிக்கும். சில பிரிசிஷன் ரெகுலேட்டர்கள் தாமாகவே எப்போதும் காற்றைக் கசிய விடும். 'உஸ்' சத்தம் கேட்டுப் பழுது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அதே சமயம் அவற்றின் நுண்துளைகள் எண்ணெய்க்கும் ஈரத்துக்கும் சட்டென அடைபடும். முன்னால் நல்ல எண்ணெய் வடிகட்டி கட்டாயம்.

அளக்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை. ஒளி ஊடுருவும் ஹோஸை 'யு' வடிவில் வளைத்துப் பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு முனையைக் காற்று லைனில் இணைத்து மறுமுனையைத் திறந்து விட்டால் போதும். இரு பக்க மட்டத்துக்கும் 204 மி.மீ. வித்தியாசம் என்றால் 20 மில்லிபார்.

எலக்ட்ரானிக் ரெகுலேட்டரை, குழாயின் விட்டத்தை அளக்கும் லேசர் கேஜுடன் இணைப்பது பற்றி இப்போதைக்கு யோசிக்க வேண்டாம். கேஜ் டையிலிருந்து தள்ளி இருப்பதால் தகவல் தாமதமாக வரும். அவசரமாகத் திருத்தினால் விட்டம் இன்னும் அலையும். கையால் வைக்கும் அழுத்தம் நிலையாக நின்ற பிறகு அதைப் பார்க்கலாம்.

அப்புறம், காசைச் செலவழிக்கும் முன் ஒரு வாட்சை எடுத்துக்கொண்டு நில்லுங்கள். விட்டம் மாறும் நேரத்தையும் கம்ப்ரசர் ஓடி நிற்கும் நேரத்தையும் குறியுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் தாராளமாக வாங்குங்கள். ஒத்துப்போகாமல், பிளாஸ்டிக்கைத் தள்ளும் ஸ்க்ரூவின் சுழற்சியோடோ, குழாயை இழுக்கும் ஹால்-ஆஃப் பெல்ட்டின் சுற்றோடோ ஒத்துப்போனால் கோளாறு காற்றில் இல்லை. அங்கே எந்த ரெகுலேட்டர் போட்டாலும் விட்டம் மாறிக்கொண்டுதான் இருக்கும்.