கிணற்றிலிருந்து ஊர்த் தொட்டிவரை குடிநீர் லைன்: பிவிசியா, எச்டிபிஇயா, ஜிஐயா?

நீங்கள் கொடுத்திருக்கும் விவரம்: தேவர்குளம் பக்கம் 300 வீட்டு ஊர், கிணற்றிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு 1 கி.மீ., ஏற்றம் 40 மீட்டர். வழியில் கரிசல், நடுவே ஒரு ஓடை, தொட்டிப் பக்கம் பாறை. இந்தப் பாதைக்கு ஒரே பைப் சரிப்படாது. எதை எங்கே போடுவது என்பதற்கு முன்னால், பைப்பின் அளவையும் கிலோவையும் (ஒரு சதுர செ.மீ.க்கு எத்தனை கிலோ அழுத்தம் தாங்கும் என்பது) முடிவு செய்துவிடுங்கள். லைன் உடைவது பெரும்பாலும் அங்கே கோட்டை விடுவதால்தான்.

ஆளுக்கு 55 லிட்டர் வீதம் 1,200 பேருக்கு நாளைக்கு 66,000 லிட்டர். மோட்டார் 8 மணி நேரம் ஓடினால் மணிக்கு 8,250 லிட்டர். இந்த ஓட்டத்துக்கு 1 கி.மீ.யில் உராய்வால் போகும் அழுத்தம் 63 மி.மீ. பைப்பில் சுமார் 18 மீட்டர், 75-ல் 8 மீட்டர், 90-ல் 3 மீட்டர். 63 போட்டால் பைப்பில் மிச்சம் பிடித்ததை கரண்ட் பில்லில் கட்ட வேண்டியதுதான். 75 போதும்.

40 மீட்டர் ஏற்றமும் 8 மீட்டர் உராய்வும் சேர்ந்து 48 மீட்டர், அதாவது 4.8 கிலோ. கடைக்காரர் இதைக் கேட்டதும் 6 கிலோ பைப்பை எடுத்துப் போடுவார். ஆனால் கரண்ட் திடீரென்று போனால் மேலே போன தண்ணீர் திரும்பி வந்து என்ஆர்வி-யில் (தண்ணீரைப் பின்னால் விடாத வால்வு) மோதும். அந்த அடி மட்டும் இன்னும் 2.5 கிலோ. மொத்தம் 7.3. போதாததற்கு, பிவிசி பைப்பில் அச்சடித்த கிலோ 27 டிகிரிக்கு உரியது. நம்மூர் சித்திரை வெயிலில் அது குறையும். 8 கிலோ விளிம்பில் நிற்கும். 10 கிலோ வாங்குங்கள்.

செம்மண், சரள் உள்ள இடங்களில் ஐ.எஸ். 4985 முத்திரையுள்ள பிவிசி தாராளம். சாக்கடைக்கான எஸ்டபிள்யூஆர் பைப்பை விலை குறைவென்று வாங்காதீர்கள், அது அழுத்தத்துக்கு ஆனதல்ல. வெயிலில் கிடந்து வெளுத்த பைப்பும் வேண்டாம். நெருப்பில் காட்டி முனையை விரித்து இணைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. விரித்த இடத்தில் சுவர் மெலிந்து, முதலில் அங்கேதான் கீறும். கம்பெனியிலேயே முனை விரித்து வந்த (பெல் உள்ள) பைப்பையே கேளுங்கள்.

கரிசல்தான் தொல்லை. கோடையில் வெடித்து, மழையில் ஊதி, பைப்பை இழுத்துக்கொண்டே இருக்கும். சொல்யூஷன் (பிவிசி ஒட்டும் பசை) போட்ட ஜாயிண்ட் இறுகிப் போனது, வளைந்து கொடுக்காது. அந்த நீளத்துக்கு ரப்பர் ரிங் ஜாயிண்ட் போடுங்கள்: முழுக்கத் தள்ளிவிட்டு, 10 மி.மீ. பின்னுக்கு இழுத்து விடுங்கள். ரிங்கில் சோப்புக் கரைசல் தடவலாம். கிரீஸ், எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிக் கெடும். பைப்பைச் சுற்றி 10 செ.மீ. மணல் அவசியம்.

இன்னும் நல்லது எச்டிபிஇ, அதாவது வளைந்து கொடுக்கும் கறுப்பு பிளாஸ்டிக் பைப் (ஐ.எஸ். 4984, பி.என். 10, அதாவது 10 கிலோ). சுருளாக வருவதால் ஜாயிண்ட் குறைவு. ஆனால் ஹீட்டர் பிளேட், கிளாம்ப் வைத்து பட் வெல்டிங் (முனைகளை உருக்கி ஒட்டுவது) செய்யும் ஆள் வேண்டும். வெயிலில் 100 மீட்டர் பைப் ஓரடிக்கு மேல் நீளும். மத்தியானம் இறுக்கி இணைத்தால் இரவில் சுருங்கி கப்ளரை விட்டு உருவிக்கொள்ளும். நெளிவாகக் கிடத்தி, காலையில் இணைத்து மூடுங்கள்.

ஓடையிலும், தோண்ட முடியாத பாறையிலும் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு பைப்) மீடியம், நீலப் பட்டை உள்ளது. பிவிசியை வெயிலில் விடக்கூடாது, நாளடைவில் நொறுங்கும். இதே ஜிஐ திசையன்விளை, கூடங்குளம் போன்ற கடலோர உப்புத் தண்ணீருக்கு ஆகாது. மரை முதலில் அரிக்கும். அங்கே எச்டிபிஇ-தான்.

பெண்டுகளில் கான்கிரீட் அடைப்பு கட்டாயம். 75 மி.மீ. 90 டிகிரி பெண்டில் 7.3 கிலோ அழுத்தம் தள்ளும் விசை ஏறக்குறைய 450 கிலோ. வெறும் மண் தாங்காது. மேட்டில் ஏர் வால்வு, பள்ளத்தில் கழிவு வால்வு. பள்ளத்தை மூடுவதற்கு முன், ஜாயிண்டுகள் மேல் மண் போடாமல் கண்ணுக்குத் தெரியும்படி விட்டு, கீழிருந்து மெதுவாக நிரப்பிக் காற்றை வெளியேற்றி, 7.5 கிலோவில் இரண்டு மணி நேரம் நிறுத்திப் பாருங்கள். சொல்யூஷன் ஜாயிண்ட் இருந்தால் ஒரு நாள் காய்ந்த பிறகு.