கடன் ஒரு பக்கமா மட்டும் போகல

கேள்வி: ரெண்டாம் உலகப்போர்ல அமெரிக்கா கப்பல் கடன் குடுத்துதானே பிரிட்டன் பொழைச்சுது? கைநீட்டி வாங்குனவங்களுக்கு என்ன பெருமை வேண்டிக்கிடக்கு?

பதில்: பாதிக் கதையை வச்சுக்கிட்டு தீர்ப்பு சொல்லாதீங்க. 1940 செப்டம்பர்ல 50 பழைய டெஸ்ட்ராயர், அதாவது வேகமான போர்க்கப்பல், வாங்குனது நிஜம்தான், அதுக்கு ஈடா அமெரிக்கா தளம் போட தன் தீவுகள்ல 99 வருஷக் குத்தகைக்கு இடம் குடுத்துச்சு பிரிட்டன். பின்னாடி கேப்டன் கிளாஸ் ஃப்ரிகேட்ங்கிற காவல் போர்க்கப்பல் 78 வந்ததும் நிஜம். ஆனா நடுவுல 1942-ல கப்பல் கடன் வாங்குனது அமெரிக்கா, அதை ஏன் யாருமே சொல்றதில்ல?

அந்த ஜனவரில ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலுங்க, அதாவது யூ-போட்டுங்க, நியூயார்க் வாசலுக்கே வந்துடுச்சு. கரையோர ஊர்கள்ல விளக்கை அணைக்கல, அந்த வெளிச்சத்துல எண்ணெய்க் கப்பலெல்லாம் கன்னங்கரேல்னு எடுப்பா தெரிய, ராத்திரி ராத்திரியா டார்பிடோ அடிச்சாங்க. காவலுக்குப் போற சின்னக் கப்பல் அமெரிக்காகிட்ட போதுமான அளவுக்கு இல்ல. அப்ப பிரிட்டன் தன்னோட ஃப்ளவர் கிளாஸ் கார்வெட்ங்கிற சின்னக் காவல் கப்பல்ல 10 எடுத்துக் குடுத்துச்சு, அதுவும் தனக்கே பத்தாத நேரத்துல.

எல்லாத்துக்கும் பூப்பேரு. அதுல பெரிவிங்கிள்னு ஒண்ணு, நம்ம நித்தியகல்யாணிக்குச் சொந்தக்காரப் பூ. திமிங்கிலம் பிடிக்கிற கப்பலோட அமைப்புல கட்டுனது, 205 அடி நீளம், ஒரே ஒரு ப்ரொப்பெல்லர், முக்கி முக்கி ஓடுனாலும் மணிக்கு 16 கடல் மைல்தான், மேல மிதந்து ஓடுற யூ-போட்டே இதை முந்திடும். சின்ன அலைக்கே அப்படி உருளும், படுத்துத் தூங்க முடியாது, துணி காயாது. அந்தக் கப்பல்தான் 1941 ஜூன்ல வாண்டரர்ங்கிற டெஸ்ட்ராயரோட சேர்ந்து யூ-147-ஐ மூழ்கடிச்சுச்சு, அடுத்த வருஷம் அமெரிக்கக் கொடி ஏத்தி ரெஸ்ட்லெஸ்னு பேரு மாத்திக்கிட்டு மறுபடி காவலுக்குப் போச்சு. 1945-ல திரும்ப ஒப்படைச்சாங்க.

கப்பலை மட்டும் குடுக்கல, ஆளையும் சேர்த்து அனுப்புனாங்க. மீன்பிடிச்சிட்டு இருந்து கடற்படைக்கு வந்த டிராலர் 24, பிரிட்டிஷ் மாலுமிகளோடயே கிளம்புச்சு. அதுல ஒண்ணு பெட்ஃபோர்ட்ஷயர். 1942 மே மாசம் வட கரோலினா கரைக்கு அப்பால யூ-558 அடிச்ச டார்பிடோல கப்பல்ல இருந்த 37 பேரும் போய்ட்டாங்க. ஓக்ராகோக் தீவுல நாலு பேரோட உடம்பை அடக்கம் பண்ணாங்க, வெள்ளை வேலி போட்ட சின்ன இடம், இன்னைக்கும் அங்க பிரிட்டிஷ் கொடி பறக்குது.

அந்த நாலு பேர்ல ஒருத்தர் கப்பலோட இளம் அதிகாரி. அதுக்குக் கொஞ்சநாள் முன்னாடிதான் கரை ஒதுங்குன வேற பிரிட்டிஷ் மாலுமிகளை அடக்கம் பண்ண கொடி வேணும்னு ஒரு அமெரிக்கர் கப்பலுக்கே வந்து கேட்டிருக்கார், இவரும் எடுத்துக் குடுத்து அனுப்பிச்சிருக்கார். கொடி வாங்கிட்டுப் போன அதே மனுஷன்தான் அப்புறம் வந்து, ஆமா இது அவர்தான்னு அடையாளம் சொன்னாரு.